பூனா போகாதவள்

“பையனுக்கா மேடம் விசாரிக்கிறீங்க?”

சென்னையிலிருந்து பேசிய பெண்ணின் குரலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. குழைவாகத்தான் கேட்டாள். ஆனால் காலையிலிருந்து விஜிலா பேசுகிற நான்காவது பயிற்சி நிலையம் அது. நான்கு பேரும் ஏதோ ஒரு வகையில் இதையேதான் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் “தம்பிக்குங்களா?” என்றான். மதுரைக்காரர் எடுத்த எடுப்பிலேயே “ஸ்டூடண்ட் பேர் சொல்லுங்க, என்ன வயசு, எந்தக் காலேஜ்?” என்று படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். விஜிலா இறால் கம்பெனியின் சுவிட்ச் அறைக்குள் நின்றபடி, வெளியே கம்பிரசர்கள் ஓடும் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “எனக்குத்தான்” என்றாள்.

“இது ஃப்ரெஷர்ஸ் பேட்ச் மேடம். இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுக்கிறோம். நீங்க எங்கயாச்சும் வொர்க் பண்றீங்களா?”

“பதினாலு வருசமா பி.எல்.சி.தான் பாக்கேன். இப்ப எங்க கம்பெனில புது கண்ட்ரோலர் மாட்டிருக்காங்க. அதுல புரோகிராம் படிக்கணும்.”

“அப்ப உங்க கம்பெனியே டிரெயினிங் அனுப்புவாங்களே மேடம்.”

விஜிலா போனை அணைத்தாள். அந்தப் பெண் அறியாமல்தான் கேட்டாள். அறியாமல் மிதித்தாலும் புண் புண்தானே.

கம்பெனி அனுப்பத்தான் செய்தது. அவளை அல்ல.

தூத்துக்குடியிலிருந்து பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்த இறால் கம்பெனி. கடலிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வரும் இறாலைத் தோலுரித்து, உறைய வைத்து, கண்டெய்னரில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். உறைய வைப்பதற்கு அமோனியா. பெரிய கம்பிரசர்கள் அதை அழுத்தி, குழாய்களில் ஓடவிட்டு, அறைகளைப் பனிக்கட்டியாக்கும். எந்தக் கம்பிரசர் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், வாயு கசிந்தால் எதை முதலில் நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிற மூளை சுவிட்ச் அறையின் பேனலுக்குள் இருக்கும் ஒரு பெட்டி. அதைத்தான் பி.எல்.சி. என்றும் கண்ட்ரோலர் என்றும் சொல்வார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சேர்ந்த விஜிலா, பழைய பெட்டியோடு பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவள். அதன் புரோகிராமில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜெபம் சொல்வதுபோலத் தடுமாறாமல் சொல்வாள். அந்தப் பெட்டிக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது என்று தெரிந்தபோது, மாற்ற வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்ததே அவள்தான். புதியதை விற்ற கம்பெனி பூனாவில் பத்து நாள் பயிற்சி தருகிறது, மூன்று பேரை அனுப்பலாம் என்று மெயில் போட்டதும் அவள்தான். மூன்று பெயரையும் அவளே எழுதியிருந்தாள்: விஜிலா, பாலகணேஷ், முத்துச்செல்வம்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் இரண்டு பெயர்தான் இருந்தது.

“லிஸ்ட்ல எம் பேரு இல்லையே சார்” என்று அவள் போய் நின்றபோது, மேனேஜர் செந்தில்வேல் கண்டெய்னர் பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பூனாம்மா. பத்து நாளு. ஒங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சலு?”

“அலைச்சல்னு நான் சொல்லலையே சார்.”

“நீங்க சொல்ல மாட்டிய. வீட்டுல சொல்லுவாங்கள்லா? ரெண்டு பயலுவளோட ஒரு லேடீசை அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா நான்லா பதில் சொல்லணும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“எங்க வீட்டுல கேட்டியளா?”

“இதெல்லாம் கேக்கணுமாக்கும்? தெரியாதா?”

தெரியாதா. அந்த ஒற்றைச் சொல்லை விஜிலா அன்று சாயங்காலம் வீடுவரை சுமந்து வந்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னாளா என்றுகூட நினைவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். தகுதி இல்லை என்று சொல்லியிருந்தால் வா, பரீட்சை வைத்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் அக்கறை என்று பெயர் வைத்து அவளை நிறுத்திவிட்டார். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் கணவன் கிளைட்டன் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் போட்டில் இன்ஜின் பார்ப்பவன். அன்றைக்கு அவனுக்கு ஓய்வு. குசினியில் சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் முகம் சிவந்துவிட்டது.

“நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்? நாளைக்கே வாரேன். ஒங்க மேனேஜர்ட்ட, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதேன்.”

“நீங்க வந்து சொல்லி நான் போனேன்னு வையிங்க. அப்ப அந்தாளு சொன்னது சரின்னுதான ஆவும்? வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டாத்தான் இவ பஸ் ஏறுவான்னு.”

கிளைட்டன் கரண்டியோடு நின்றான். “அப்ப என்னதான் செய்யச் சொல்லுத?”

“ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். மீனு கருகுது, அதப் பாருங்க.”

பாலகணேஷும் முத்துச்செல்வமும் பூனாவுக்குப் போன அந்தப் பத்து நாளில்தான் அவள் போன் மேல் போன் போட்டாள். சென்னையில் வயது இடித்தது. கோயம்புத்தூரில் வகுப்பு வார நாட்களில் மட்டும். ஹாஸ்டலும் ஆண்களுக்கு மட்டும். மதுரைக்காரர் சொன்ன கண்ட்ரோலர் வேறு கம்பெனியுடையது. தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் இலவசப் பாடங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. எங்கேயோ குளிர் நாட்டில் உட்கார்ந்து ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் இங்கிலீஷ். நான்கு பாடம் பார்த்தாள். பெட்டியைக் கையால் தொடாமல் அதைப் படிப்பது, கடலைப் படத்தில் பார்த்து நீச்சல் பழகுவது மாதிரி இருந்தது.

கடைசியில் ஊருக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மக்ரூன் விற்கும் பேக்கரியின் மாடி. ‘லேட்டஸ்ட் கண்ட்ரோலரில் நேரடிச் செயல்முறைப் பயிற்சி’ என்று பேனர். ஞாயிறு தோறும் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. மாதா கோவில் பூசையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போனாள். வகுப்பில் பதினோரு பையன்கள். எல்லாரும் கல்லூரி முடித்து வேலை கிடைக்காதவர்கள். அவள் உள்ளே நுழைந்தபோது பயிற்சியாளர் வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். உண்மையான பயிற்சியாளர் சிவப்பிரகாஷ் அரைமணி நேரம் கழித்து வந்தான்.

முதல் ஞாயிறு படம் போட்டுக் காட்டினான். இரண்டாம் ஞாயிறும் படம். “ஹார்டுவேர் வந்துட்டே இருக்கு மேடம்” என்றான். மூன்றாம் ஞாயிறு மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. புதிதாகச் சாம்பல் நிறம் அடித்து, முகப்பில் புது மாடலின் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. பையன்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். விஜிலா கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தாள். பிறகு கிட்டே போய், மூடியின் இடது மூலையில் நகத்தைக் கொடுத்து லேசாக நெம்பினாள். மூடி படக்கென்று திறந்துகொண்டது. பதினான்கு வருஷம் அவள் அப்படித்தான் அதைத் திறந்திருக்கிறாள்.

“இது பழசு” என்றாள்.

“கான்செப்ட் எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்றான் சிவப்பிரகாஷ்.

“கான்செப்ட் ஒண்ணுன்னா, கட்டுமரம் தள்ளுதவன கப்பல ஓட்டச் சொல்லுவியளா? மூணு வாரமா பூசைய விட்டுட்டு வாரேன் தம்பி. செத்துப்போன பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கிய. இந்தப் பயலுவ நாளைக்கு எங்கயாவது வேலைக்குப் போய் நிப்பானுவ. முன்னால புதுப் பெட்டி இருக்கும். ஒரு சுவிட்ச மாத்தித் தட்டுனா மெஷினுக்குள்ள கைய வச்சிருக்கவனுக்குக் கை போவும். அப்பவும் கான்செப்ட்டுன்னு சொல்லுவியளா?”

அவள் குரல் கீழே பேக்கரிவரை கேட்டிருக்கும். சிவப்பிரகாஷுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஏறியது. அவன் மேசை இழுப்பறையைத் திறந்து, தங்க நிறக் கரை போட்ட தாள் ஒன்றை எடுத்தான். “மேடத்துக்கு என்ன, கம்பெனில காட்ட சர்ட்டிபிகேட் வேணும். அவ்வளவுதானே? பேரச் சொல்லுங்க, இன்னைக்கே எழுதித் தாரேன். இனி வரக்கூட வேண்டாம்.”

பையன்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “அக்கா, விடுங்கக்கா. எங்களுக்கும் அது கிடைச்சாப் போதும்.”

அவர்களைப் பார்த்து ஆத்திரப்படவும் முடியவில்லை. படி இறங்கும்போது சர்க்கரையும் முட்டையும் வேகும் வாசம் முகத்தில் அடித்தது. ஊருக்கே பெருமையான அந்த வாசம் அன்று அவளுக்குக் குமட்டியது. வாங்கியிருக்கலாம், அந்தத் தாளை. செந்தில்வேல் அதற்குமேல் கேள்வி கேட்டிருக்க மாட்டார். அவருக்கும் தாள்தானே வேண்டும். ஆனால் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பேனல் முன் போய் நிற்பது அவளல்லவா?

இதற்குள் பூனாவிலிருந்து இருவரும் திரும்பியிருந்தார்கள். முத்துச்செல்வத்தை இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள். மிஞ்சியது பாலகணேஷ். ஒயரைப் பிடிக்கத் தெரியாமல் வந்து சேர்ந்தவனுக்கு நான்கு வருஷம் எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தவள் விஜிலா. இப்போது கண்ட்ரோலரின் லேப்டாப்பும் பாஸ்வேர்டும் அவனிடம். பயிற்சி பெற்றவர் மட்டும் தொடலாம் என்று செந்தில்வேல் எழுதி ஒட்டிவிட்டார். மோட்டார், ஃபியூஸ், கேபிள் இதெல்லாம் விஜிலாவுக்கு. பேனல் சாவிகூட அவளிடம்தான் இருந்தது. பேனலுக்குள் இருப்பதன் பேச்சுதான் அவளுக்குப் புரியக்கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இறால் உரிக்கும் ஹாலில் சூப்பர்வைசர் முருகேஸ்வரி அவளைக் கைகாட்டி அழைத்தாள். முள்ளக்காட்டுக்காரி. இருபது வருஷமாக அந்தப் பனித் தண்ணீரில் நிற்பவள்.

“ஏளா விஜிலா, இன்னைக்குக் கண்ணு எரியுதுளா. பிள்ளையளும் சொல்லுதாளுவ.”

லேசான அமோனியா நாற்றம் அந்தக் கட்டிடத்தில் எப்போதும் உண்டு. வேலை செய்பவர்களுக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். ஆனால் கண் எரிவது வேறு. விஜிலா, அமோனியா பட்டால் வெண்புகை கக்கும் கந்தகத் திரியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போனாள். ஒரு வால்வின் கழுத்தருகே திரி வெள்ளைப் புகையாகப் பொங்கியது. ஃபிட்டரை அழைத்து இறுக்க வைத்தாள். அன்றைக்கு அடங்கியது. அடங்காமல் இருந்தது அவள் மனதில் ஒரு கேள்வி. கசிவைக் கண்டு சங்கு ஊத வேண்டிய சென்சார் ஏன் வாயைத் திறக்கவில்லை?

“சென்சார் நார்மல்னுதான்க்கா காட்டுது” என்றான் பாலகணேஷ். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பவில்லை.

“என்ன நம்பரு?”

“நாலு.”

“நேத்து?”

“நாலுதான்.”

“போன வாரம்?”

அவன் லேப்டாப்பை மூடினான். உயிரோடு இருக்கிற எந்தச் சென்சாரும் ஒரே எண்ணில் நிற்காது. வெயிலுக்கு ஒன்று ஏறும், கதவைத் திறந்தால் ஒன்று இறங்கும். அசையாமல் கிடந்தால் அது செத்துப்போயிருக்க வேண்டும், இல்லை, யாரோ அதன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

செந்தில்வேலிடம் போனாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

“டிரெயினிங் போனவன் நார்மல்ங்கான். நீங்க டிரெயினிங் போகல. என்னைய யாரை நம்பச் சொல்லுதிய?”

போக விடாமல் செய்தவனே போகவில்லை என்கிறான். வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்று முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் கொதித்தது. கத்துவதால் ஒன்றும் ஆகாது என்று அப்போதுதான் அவளுக்கு நிச்சயமானது. அந்தப் பெட்டியின் பேச்சு தெரிந்தால்தான் அந்த ஆளோடு பேச முடியும்.

மறுநாள் பேருந்தில் செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்தக் காணொளி கிடைத்தது. மருதாணி மங்கிய நகத்தோடு ஒரு கை, புது கண்ட்ரோலரின் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுத் தொட்டுக் காட்டியது. முகம் இல்லை. ஒரு பெண்ணின் குரல், சுத்தமான தமிழில், “இந்த ஒயரைக் கழற்றும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்” என்றது. கீழே சவூதியின் தமாமிலிருந்தும் ஜுபைலிலிருந்தும் தமிழ் ஆட்கள் நன்றி எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு போன் நம்பர். விஜிலா பேருந்திலிருந்து இறங்கி, சாலையோரம் நின்றே பேசினாள். பையனுக்கா, தம்பிக்கா என்ற கேள்விக்குப் பல்லைக் கடித்துத் தயாராக இருந்தாள்.

“எந்த மாடல் அக்கா?” என்றது அந்தக் குரல். “சாஃப்ட்வேர் வெர்ஷன் எத்தனை?”

விஜிலா இரண்டையும் தன் ஊரையும் சொன்னாள்.

“என்கிட்ட அதே மாடல் இருக்கு. ஆன்லைன்ல வேண்டாம், நீங்க பக்கத்துலதானே, நேர்ல வாங்க. கையால செஞ்சாத்தான் வரும். வெள்ளிக்கிழமை காலையிலதான் கிளாஸ். வெளிநாட்டு ஆளுகளுக்கு அன்னைக்குத்தான் லீவு. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால முடிச்சிருவேன்.”

அவள் பெயர் ஹபீபா. காயல்பட்டினம். வயது முப்பத்தொன்று, விஜிலாவைவிட எட்டு வயது இளையவள். சென்னையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி, கணவன் தமாமில் இருக்க, உம்மா வீட்டில் இருந்தபடி சொல்லிக் கொடுப்பவள். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் வீடு. மாடியறையில், பழைய தையல் மிஷின் மேசைமேல் கண்ட்ரோலரைப் பொருத்தியிருந்தாள். லேப்டாப்பில் ஐந்தாறு ஆண்களின் முகங்கள், ஒருவர் தேநீரோடு, ஒருவர் இன்னும் தலை சீவாமல். வெள்ளிக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட்டை வாங்கிக்கொண்டு விஜிலா காலை ஏழரைப் பேருந்து ஏறினாள்.

ஹபீபா ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. “தெரியும்னு சொல்லாதீங்க அக்கா, செஞ்சு காட்டுங்க” என்பாள். விஜிலாவின் விரல்கள் பழைய பெட்டியின் பழக்கத்திலேயே ஓடும். தப்பாகும். “மறுபடி” என்பாள் ஹபீபா. மூன்றாவது வெள்ளி விஜிலா மவுஸைத் தூக்கி மேசையில் அடித்துவிட்டாள். “உடைச்சிராதீங்க, எனக்கு இருக்கது ஒண்ணுதான்” என்று மட்டும் சொல்லி, ஹபீபா அதே பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள். நான்காவது வெள்ளி விரல்கள் பணிந்தன.

ஐந்தாவது வெள்ளி ஹபீபா ஒரு சென்சாரை இணைத்து, அதைக் கையால் மூடினாள். திரையில் எண் ஏறியது. பிறகு எதையோ தட்டினாள். கையை எடுத்தாலும் மூடினாலும் எண் அசையவில்லை.

“இதுதான் ஃபோர்ஸ். சென்சார் என்ன சொன்னாலும் சரி, கண்ட்ரோலர் காதுல நாம சொன்னதுதான் விழும். மெஷினைச் சோதிச்சுப் பார்க்கிறதுக்காக உள்ளது. சோதிச்சு முடிச்சா எடுத்திரணும். எடுக்க மறந்தா ஆள் செத்துருவாங்க. அதனாலதான், ஃபோர்ஸ் இருக்கிறவரை இந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.”

கண்ட்ரோலரின் முகப்பில், பச்சை விளக்குக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது.

விஜிலா அதையே பார்த்தாள். “எங்க பெட்டியில அந்த இடத்துல விளக்கு எரியல. கறுப்பாத்தான் இருக்கு.”

“கறுப்பாவா?” ஹபீபா ஃபோர்ஸை எடுத்தாள். மஞ்சள் அணைந்தது, அந்த இடம் வெறும் கண்ணாடிபோல வெளிறியிருந்தது. “எரியாட்டி இப்படித்தான் இருக்கும் அக்கா. கறுப்புன்னு ஒண்ணு கிடையாது.”

லேப்டாப்பிலிருந்து தமாம்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “டேப் ஒட்டியிருப்பாங்கம்மா. இங்கயும் பார்த்திருக்கேன்.”

“ஹால்ல எத்தனை பேர் வேலை செய்றாங்க?” என்று கேட்டாள் ஹபீபா.

“அறுபது பொம்பளைங்க.”

ஹபீபா மின்சாரத்தை அணைத்தாள். “கிளாஸ் போதும். நீங்க கிளம்புங்க அக்கா.”

ஆறுமுகநேரி உப்பளங்களின் வெள்ளை வெயில் பேருந்து ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. விஜிலா எதையும் பார்க்கவில்லை. தமாமில் இருக்கும் யாரோ ஒரு மனிதருக்குத் தெரிகிறது. ஐந்தடி தூரத்தில் தினமும் நின்ற எனக்குத் தெரியவில்லை. தெரியாதபடி வைத்திருந்தார்கள். பூனாவுக்குப் போயிருந்தால் முதல் நாளே, பேனலைத் திறந்த முதல் நொடியே கண்ணில் பட்டிருக்கும். அதற்காகத்தான் அனுப்பவில்லையோ என்றுகூடத் தோன்றியது. இல்லை, அந்த ஆளுக்கு அவ்வளவு யோசனை கிடையாது. அவளை ஒரு பொருட்டாகவே நினைக்காததுதான் காரணம். அது இன்னும் எரிந்தது.

கம்பெனிக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் சுவிட்ச் அறைக்குப் போய்ப் பேனலைத் திறந்தாள். பச்சைக்குப் பக்கத்தில் கறுப்பு. நகத்தால் சுரண்டினாள். உளுந்தளவு இன்சுலேஷன் டேப், நாலு பக்கமும் பிளேடால் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியது. உரித்தாள். மஞ்சள் அவள் முகத்துக்கு நேரே எரிந்தது. டேப்பைப் பல்லால் கடித்து இழுக்காதே, பிளேடு வைத்து வெட்டு என்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“ஏலே, பாலகணேஷு!”

ஓடி வந்தவன் திறந்திருந்த பேனலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

“நீயால ஒட்டுன?”

“அக்கா… வெளிநாட்டு பார்ட்டி கம்பெனியப் பாக்க வந்தாங்கள்லா. மஞ்ச லைட்டு எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லன்னு சார்தான்…”

“ஃபோர்ஸ் போட்டது ஆரு?”

“மாட்ட வந்த எஞ்சினியரு. சென்சாரு சும்மா சும்மா சங்கு ஊதி மெஷின நிப்பாட்டுச்சு. சரக்கு போற நேரம், இப்போதைக்கு இருக்கட்டும்னுட்டாரு சார். நான் கேட்டேன்க்கா. கேட்டதுக்கு, பூனாவுக்கு அனுப்புன என்னையவே கேள்வி கேக்கியான்னாரு.”

“பத்து நாளு. ரயில்ல ரெண்டு ராத்திரி போயி, பத்து நாளு உக்காந்து, கடைசில நீ படிச்சது டேப்பு ஒட்டவால? உள்ள நிக்குதாள முருகேஸ்வரி, அவ கொண்டுவந்த சோத்த எத்தன நாளு வாங்கித் தின்னுருக்க?”

பாலகணேஷின் கண் கலங்கிவிட்டது. விஜிலா அதற்கு இளகவில்லை. “லேப்டாப்ப எடு.”

“ஃபோர்ஸ எடுத்தா கம்பிரசரு நின்னாலும் நின்னுரும்க்கா. என் வேலை போயிரும்.”

“நீ பாஸ்வேர்ட மட்டும் போடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அவன் லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் தேடவில்லை. ஹபீபாவின் மாடியறையில் சென்சார் பட்டியலுக்கு நாற்பது தடவை போன வழி அது. அங்கே இருந்தது: அமோனியா சென்சார், நாலு, ஃபோர்ஸ். எடுக்கவா, உறுதிதானா என்று இங்கிலீஷில் கேட்டது. விஜிலா தட்டினாள்.

நாலு போய் முப்பத்தொன்பது வந்தது. அடுத்த மூச்சில் சங்கு அலறியது.

கம்பிரசர்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. மேலே காற்றை வெளியே தள்ளும் ராட்சத விசிறிகள் உறுமிக்கொண்டு சுழன்றன. பாலகணேஷ் திரையைப் பார்த்து வாய் குழறினான்: “நெசமாவே இருக்குக்கா. இப்பவே இருக்கு.” அவள் அதற்குள் ஹாலுக்கு ஓடியிருந்தாள்.

“எல்லாரும் வெளிய! போட்டதப் போட்டபடி போட்டுட்டு வெளிய வாங்க!”

முருகேஸ்வரி ஒரு கேள்வி கேட்கவில்லை. கத்தியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, “ஏளா, கெளம்புங்கடி” என்று ஒரு குரல் கொடுத்தாள். அறுபது பேரும் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முற்றத்து வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். விஜிலா எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள்.

செந்தில்வேல் ஆபீஸ் படியில் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வந்தார். “ஆரு நிப்பாட்டுனது?”

“நான்தான் சார்.”

“ஒங்கள ஆரு தொடச் சொன்னா? நீங்க டிரெயினிங் போகாத ஆளு!”

“போயிட்டு வந்துட்டேன் சார்.”

“எங்க?”

“காயல்பட்டினம்.”

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அவர் அவளை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். “சும்மா கொஞ்சம் ஸ்மெல்லு. அவ்வளவுதான். விசிறி ஓடுதுல்லா, இப்பச் சரியாயிரும். சரக்கு கெட்டுப் போவும். உள்ள போங்க எல்லாரும். முருகேஸ்வரி, கூட்டிட்டுப் போ.”

“நம்பரு நாலுக்குக் கீழ வரட்டும் சார்” என்றாள் விஜிலா. “நெசமான நாலு.”

“நாளைலேருந்து ஒங்களுக்கு இங்கன வேலை இல்ல, பாத்துக்கிடுங்க.”

அவள் சுவிட்ச் அறைப் பக்கம் திரும்பினாள். சங்கு இன்னும் ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. சுவிட்ச் அறை வாசலில் பாலகணேஷ் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்று, எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். “முப்பத்தாறு… முப்பத்தஞ்சு…”

முருகேஸ்வரி மேனேஜரைப் பார்த்தாள். உள்ளே போகும் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு கையுறையை உருவினாள். அடுத்ததையும் உருவிக் கீழே போட்டாள். காலையிலிருந்து பனிக்கட்டியில் கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை வெயிலுக்குக் காட்டினாள். பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்துத் தன் கையுறையை உருவினாள். அதற்கு அடுத்தவள். செந்தில்வேல் இன்னும் எதையோ கத்திக்கொண்டிருக்க, ஒருத்தியும் கதவுப் பக்கம் நகரவில்லை; முற்றம் முழுவதும் கைகள் நீண்டன. நூற்றிருபது வெளுத்த கைகள் மதிய வெயிலில் அப்படியே விரிந்திருந்தன. அவற்றிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்த இடம் தெரியாமல் காய்ந்துகொண்டிருந்தது.